மூக்கில் வைத்த ஈயம்

என் எழுத்து மேஜையின் மேல் இரண்டு ருஷ்யப் போர் விமானங்கள் நிற்கின்றன. ஒன்று உலகத்தை ஒரு கலக்குக் கலக்கியது. மற்றொன்று உலகத்தில் இருந்ததே இல்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி இரண்டையும் நானேதான் செய்தேன். இந்த வயதில் இது என்ன பொம்மை விளையாட்டு என்று வீட்டில் கேட்டார்கள். சரித்திரம் படிக்கிறேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. வாசகர்களாவது நம்பவேண்டும்.

முதலாவது மிக்-15. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அதாவது நிஜ விமானத்தின் ஆறு அடி பொம்மையில் ஓர் அங்குலம். பத்து மீட்டர் நீளமுள்ள யந்திரம் 14 சென்டிமீட்டரில், ஒரு ஜாண்கூட இல்லாமல், அடங்கிவிடுகிறது. சக்கரங்களை ஒட்டி மேஜைமேல் வைத்தேன். அது மூக்கை ஆகாயத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு, சம்மணம் போட்டாற்போல் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது! மூக்கு என்பது வெறும் துவாரம். காற்று புகுவதற்கான வாய். கனமெல்லாம் வால் பக்கம். ஒட்டியதை மறுபடி பிளந்து, துவாரத்தைச் சுற்றியிருந்த சந்துகளில் தூண்டில் ஈயக் குண்டுகளைத் திணித்தேன். அப்புறந்தான் மூன்று காலிலும் நின்றது.

அந்தத் துவாரத்துக்குப் பின்னால் நிஜ விமானத்தில் என்ன இருந்தது என்று தேடப்போனேன். அதுதான் வேடிக்கையான கதை.

யுத்தம் முடிந்தபோது ருஷ்யர்களிடம் சொல்லிக்கொள்ளும்படியான ஜெட் எஞ்சின் இல்லை. ஜெர்மனியில் கைப்பற்றிய எஞ்சின்களை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். யாகோவ்லெவ் தமது பழைய யாக்-3 விமானத்தின் மூக்கிலிருந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜெர்மன் ஜெட்டைப் பொருத்தி யாக்-15 என்றார். அடிவயிற்றிலிருந்து சீறி வந்த நெருப்புக் காற்று வால் சக்கரத்து ரப்பரைப் பொசுக்கிவிடும் என்று அதை முழு எஃகில் செய்தார்கள். மிக்கோயான் கோஷ்டியின் மிக்-9 இரண்டு ஜெர்மன் எஞ்சின்களோடு வந்தது. 1946 ஏப்ரல் 24 அன்று இரண்டும் ஒரே மைதானத்தில் தயாராக நின்றன. எது முதலில் பறப்பது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். மிக்-9 ஜயித்தது. அதை ஓட்டிய கிரின்சிக் அதே ஆண்டு ஜூலையில், பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார்.

ஜெர்மன் எஞ்சினின் பலம் போதவில்லை. நல்ல எஞ்சின் பிரிட்டனில் இருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் 'நீன்'. கேட்டால் கொடுப்பார்களா? ஸ்டாலினே நம்பவில்லை என்று ஒரு கதை உண்டு. ஆனால் 1946-ல் பிரிட்டிஷ் தொழிற்கட்சி சர்க்கார் விற்பனைக்குச் சம்மதித்துவிட்டது. சம்மதித்த வர்த்தக மந்திரி யார் தெரியுமோ? 1942-ல் நம் நாட்டுக்கு ஒரு திட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வெறுங்கையோடு திரும்பினாரே, அந்த ஸர் ஸ்டாபோர்ட் கிரிப்ஸ்! டில்லியில் விலைபோகாத மனிதர் மாஸ்கோவுக்கு நல்ல சரக்காகவே கொடுத்தார். வாங்கியதைப் பார்த்து ருஷ்யர்கள் அச்சாக ஒன்று செய்துகொண்டார்கள். 1947 டிசம்பர் 30-ல் மிக்-15 முதல் தடவையாகப் பறந்தது. 1950 நவம்பரில் அது கொரியாவின் வானத்தில் தோன்றியபோது, அமெரிக்கர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

அந்த விமானத்தைக் கொண்டுவந்து கொடுப்பவனுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கர்கள் அறிவித்தார்கள். 1953 செப்டம்பர் 21 அன்று, சண்டை நின்று இரண்டு மாதம் ஆன பிறகு, நோ கும் சோக் என்ற வட கொரிய விமானி கிம்போ மைதானத்தில் மிக்-15-ஐக் கொண்டுவந்து இறக்கினார். வயது 21. எதிர்த் திசையில் அமெரிக்க விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. மோதாமல் தப்பியதே பெரிது. பரிசு விவரமே தமக்குத் தெரியாது என்று அவர் பின்னால் சொன்னார். நான் நம்புகிறேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன் துண்டுப் பிரசுரமா படித்துக்கொண்டிருப்பான்? உரியவர்கள் வந்து விமானத்தை எடுத்துப்போகலாம் என்று அமெரிக்கர்கள் அறிவித்தும், யாரும் வரவில்லை. அது ஒஹையோ மாகாணத்து டேட்டன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு மிக்-15-இன் ஒவ்வோர் ஆணியும் அமெரிக்க நிபுணர்களுக்கு அத்துபடி. ஆனால் பின்னால் வந்த மிக்-19? அதைப் பற்றி வதந்திதான் கிடைத்தது. பொம்மைக் கம்பெனிகள் காத்திருக்குமா? ஆரோரா என்ற அமெரிக்கக் கம்பெனி 1950-களில் மிக்-19 என்று ஒன்றை விற்றது. ஒரு நண்பர் எனக்குக் கொடுத்த பழைய பெட்டியில் இருந்தது அதுதான். உயரமான வால், அதன் உச்சியில் குறுக்குச் சிறகு, ஒற்றை எஞ்சின். யுத்தக் கடைசியில் ஜெர்மானியர்கள் காகிதத்தில் வரைந்ததோடு நின்றுபோன ஒரு விமானத்தின் சாயல் அதில் உண்டு. உண்மையான மிக்-19-க்கோ பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எஞ்சின். வாலின் குறுக்குச் சிறகு கீழே, உடலோடு ஒட்டியிருக்கும். பெயரைத் தவிர ஒன்றுமே பொருந்தவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்திராத வீட்டுக்குள் பாத்திரங்களை நடமாட விடுகிறவன் நான். தெரிந்த இரண்டு விஷயத்தோடு தெரியாத எட்டைச் சேர்த்து எழுதுகிறேன். ஆனால் நான் கதை என்று சொல்லி விற்கிறேன். அந்தப் பெட்டியின் மேல் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அதை ஒட்டி, வர்ணம் பூசி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய பையன்களுக்கு எதிரி என்றால் அந்த உருவம்தான்.

பக்கத்து வீட்டுச் சிறுவன் அடிக்கடி வந்து இரண்டையும் பார்ப்பான். எது நிஜமாகப் பறந்தது, சொல் பார்க்கலாம் என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் ஆரோராவின் விமானத்தைத் தொட்டான்.

"எப்படியடா சொல்கிறாய்?"

"இதைப் பார்த்தால்தானே தாத்தா பயமாயிருக்கு!" என்றான்.