எடை குறைய என்ன செய்வது? நடை, உணவு, உறக்கம்: புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு நினைவூட்டினார்கள். அந்தத் தோழர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தவர். வணக்கத்தில் மிகைத்தவருக்கே அந்த அறிவுரை என்றால், பிரியாணியிலும் கைப்பேசியிலும் மிகைத்துவிட்ட நமக்கு அது எவ்வளவு பொருந்தும்!

"எடை குறைய என்ன செய்யலாம் ஹஜ்ரத்?" என்று ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் கேட்பவர்கள் இப்போது அதிகம். ஓதிக் கொடுக்கும் மருந்து இதற்கு இல்லை. மருத்துவ அறிவு தெளிவாகச் சொல்லியிருப்பதையும், நம் மார்க்கம் பழக்கியிருக்கும் ஒழுங்கையும் சேர்த்து இங்கே தொகுத்துத் தருகிறோம்.

புதுச்சேரியின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தின. 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரைச் சோதித்த அந்த ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் லான்செட் குழும இதழில் வெளியாயின. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்ற செய்தி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நம் ஊரைப் பற்றி அதில் இருந்ததை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

நாட்டளவில் 100 பேரில் 11 பேருக்கு நீரிழிவு. புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு (26.4) அடுத்த இடம் நமக்குத்தான். உடல் பருமனில் நாட்டின் சராசரி 28.6 சதவீதம், புதுச்சேரியில் 53.3. தொப்பை எனப்படும் வயிற்றுப் பருமனில் நாட்டின் சராசரி 39.5, புதுச்சேரியில் 61.2. இந்தப் பருமன் கணக்குகள் இரண்டிலும் இந்தியாவிலேயே முதலிடம் நம் ஊருக்கு. இது மதம் பார்த்து வந்த கணக்கல்ல. முல்லா வீதியானாலும் முதலியார்பேட்டையானாலும் எல்லா வீட்டையும் சேர்த்துத்தான். ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் நான்கு பேர் இருந்தால், சராசரியாக இரண்டு பேருக்குப் பருமன், ஒருவருக்குச் சர்க்கரை என்று பொருள்.

யாருக்கு எடை அதிகம்?

கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் (சுமார் 35 அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் (சுமார் 31 அங்குலம்) தாண்டக் கூடாது. கால்சட்டையின் அளவை வைத்துச் சொல்லாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும்.

அடுத்தது எடையையும் உயரத்தையும் ஒப்பிடும் கணக்கு. எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், நம் நாட்டவருக்கு 23-ஐத் தொட்டால் எடை கூடுதல். 25-ஐத் தொட்டால் பருமன். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 63 கிலோவில் எச்சரிக்கை தொடங்குகிறது. 68 கிலோவில் பருமன். ஐரோப்பியருக்கு இந்த எல்லைகள் 25, 30 என்று தளர்வாக உள்ளன. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி திறப்பது அந்தக் கொழுப்புதான். அதனால்தான் நமக்கு எல்லை கடுமை.

இலக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். மாதம் 10 கிலோ குறைக்கிறோம் என்று சொல்லும் பொடிகளையும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். வேகமாக இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை திரும்பிவிடும். போன தசை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

நடை: பள்ளிக்குப் போகும் வழியே போதும்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், முடிந்தால் 300 நிமிடம், மிதமான உடலுழைப்பு வேண்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் கிராஅத் ஓத மூச்சு போதக் கூடாது: அதுவே சரியான வேகம்.

ஐந்து வேளை தொழுகையே உடற்பயிற்சிதானே என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத். அதன் அசைவுகள் மூட்டுகளுக்கு நல்லவை; ஆனால் 150 நிமிட உழைப்புக்கு அவை ஈடாகா. தொழுகைக்குப் போகும் வழிதான் பயிற்சி. கணக்குப் பாருங்கள்: பள்ளிவாசல் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் என்றால், ஐந்து வேளையும் போய்வர 5 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்பதும் நாம் அறிந்ததே. அந்த அரைக் கிலோமீட்டருக்கு நாம் பைக்கை உதைக்கிறோம். ஐந்து வேளையில் இரண்டு வேளையாவது வண்டிச் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவோம்.

முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி நின்ற ஏ.எஃப்.டி. ஆலை ஓடிய காலத்தில் நடந்தும் மிதிவண்டியிலும் வேலைக்குப் போன தலைமுறையை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். 2020-இல் அந்த ஆலை மூடப்பட்டது. அதே சாலையில், மரப்பாலம் சந்திப்பு வரை வண்டிகளின் நெரிசலில் இன்று நடப்பது சிரமம்தான். ஆனால் வேறு வழி இல்லாமல் இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். ஒரு முறை போய்வந்தால் 3 கிலோமீட்டர். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் போகிறவருக்கு அது வெறிச்சோடிய நேரம். உப்பளம் விளையாட்டரங்கமும் தாவரவியல் பூங்காவும் தொலைவில் இல்லை.

பெண்களின் நிலையைத் தனியாகப் பேச வேண்டும். வீட்டு வேலையே போதும் என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நின்று சமைப்பது களைப்பைத் தரும். இதயத்துக்கு வேண்டிய வேகத்தைத் தராது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஒரு முறை அன்னையார் முந்தினார்கள், பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். மனைவியோடு கடற்கரையில் அரை மணி நேரம் நடக்கக் கூச்சப்படும் கணவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடி இருக்கிறது. சாப்பிட்ட பின் ஒவ்வொரு வேளையும் 10 நிமிடம் மாடியில் நடந்தால் நாளுக்கு 30 நிமிடம். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் தணியும்.

நடையோடு தசைக்கும் வேலை தர வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாள். நாற்காலியில் அமர்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 முறை, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது 10 முறை. சற்று ஓய்வெடுத்து மறுபடி ஒரு சுற்று. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு தேயாமல் காக்கவும் இது உதவும். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். பள்ளி, டியூஷன், மதரஸா என்று அடுக்கும்போது விளையாட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உணவு: சஹனில் உங்கள் மூலை

எடையைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் பெரும்பங்கு உணவுக்குத்தான். நம் வீட்டுக் கணக்கு ஒன்று: ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் 50 கிராம், 200 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்து செலவழிப்பது ஏறக்குறைய 120 கலோரி. நடந்து திரும்பும் வழியில் இரண்டு தேநீரும் ஒரு சமோசாவும் என்றால் நடந்ததன் கணக்கு எங்கே போகும்? நாளுக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது.

எண்ணெயும் அப்படியே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளவு வைத்து வாங்கினால், நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். அளவு தீர்ந்தால் அந்த மாதம் பொரியல் இல்லை, அவியல்தான் என்று வீட்டில் பேசி முடிவு செய்யலாம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலில், தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்கிறது. நம் தட்டில் முக்கால் பங்கு சோறு. சோற்றைக் கால் தட்டாக்கி, பருப்பு, மீன், முட்டை, கோழி ஆகியவற்றுக்கு ஒரு கால் தட்டு கொடுங்கள். கடலோர ஊரில் மத்தி, அயிலை மலிவாகவே கிடைக்கின்றன. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைப் பிறகு எடுத்தால் சோறு தானாகக் குறையும்.

விருந்துகள் நம் சமுதாயத்தின் அழகு. நெய்ச்சோறு, தாளிச்சா, பிரியாணி எதையும் ஹராமாக்கச் சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர் சுற்றி அமரும் சஹனில், தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது யாருக்கும் தெரியாது. தனக்கு முன்னால் இருப்பதிலிருந்து உண்ண வேண்டும் என்ற சுன்னத்தைப் பேணுங்கள். உங்கள் மூலை தீர்ந்ததும் கையை எடுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியைவிடச் சிறந்த உணவுத் திட்டம் எது? வீட்டிலும் ஒரு திருத்தம் வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று தாய்மார்கள் தங்கள் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்கள். அளந்து சமைப்பதே விரயத்தைத் தடுக்கும் வழி.

ரமளானில் எடை கூடுகிறது என்று பலர் சொல்வது உண்மைதான். காரணம் நோன்பல்ல, இஃப்தார். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி போதும். பொரித்தது ஒன்றோடு நிற்கட்டும். சர்பத்தைத் தினமும் வைக்க வேண்டாம். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்புகளும் இஃப்தாரை அடக்கினால்தான் உடலுக்கு உதவும்.

உறக்கம்: மறந்துபோன மூன்றாவது மருந்து

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஓய்வு நேரத்துக்காக உயிர் கொடுத்த ஊர் இது. அந்த ஓய்வை இன்று நாம் கைப்பேசிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2022-இல் வெளியான ஆய்வில், எடை கூடுதலாக இருந்து, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்தவர்களுக்குத் தூக்கத்தை நீட்டிக்க மட்டும் ஆலோசனை தந்தார்கள். உணவைக் குறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் சுமார் ஒன்றேகால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். நாளுக்கு ஏறக்குறைய 270 கலோரி தாமாகவே குறைவாக உட்கொண்டார்கள். அதே பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வில், உணவு ஒன்றாக இருந்தும், ஐந்தரை மணி நேரம் மட்டும் தூங்கவிடப்பட்டபோது கொழுப்புக் கரைவது பாதிக்கும் மேல் குறைந்து, தசை அதிகமாகக் கரைந்தது.

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இரவு 10 மணிக்குப் படுத்தால் 5 மணி ஃபஜ்ருக்கு ஏழு மணி நேரம் கிடைக்கும். 12 மணிக்குப் படுத்தால் ஃபஜ்ர் போகும். அல்லது தூக்கம் போகும். லுஹரை ஒட்டி 20 நிமிட கைலூலா நல்லது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இரவுத் தூக்கம் கெடும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

தராசு நகராவிட்டாலும்

இரண்டு மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று விட்டுவிடுபவர்கள் பலர். அவர்களுக்கு மருத்துவர் அ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வை நினைவூட்டுகிறோம். சர்க்கரை வரும் தறுவாயில் இருந்த 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. தராசில் தெரியாத நன்மை உடலுக்குள் நடக்கிறது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டாம்.

சில எச்சரிக்கைகள். நெஞ்சு வலி, சிறு நடையிலேயே மூச்சுத் திணறல், மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் நடையைக் கூட்டும்போதும் நோன்பு வைக்கும்போதும் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பில் இறங்க வேண்டாம். காரணமின்றி எடை கூடினால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 30 வயதைக் கடந்த எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இந்த வாரமே மூன்றைத் தொடங்குவோம்: இரண்டு வேளை பள்ளிக்கு நடை, தேநீரில் பாதிச் சர்க்கரை, 10 மணிக்குப் படுக்கை. தொடர்ந்து செய்யப்படும் சிறு அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று கற்றிருக்கிறோம். உடலைப் பேணுவதற்கும் அது பொருந்தும். நம் தாய் தந்தையருக்கும் மக்களுக்கும் நோயற்ற வாழ்வை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.