எண்ணம்

மனத்தில் எழும் கருத்து, நோக்கம், மதிப்பீடு ஆகியவற்றைக் குறிக்கும் எண்ணம் என்னும் பெயர்ச்சொல் எண் என்ற அடியிலிருந்து பிறந்தது. அந்த அடி கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே உணர்த்துவதே இதன் வரலாற்றில் தலையாய செய்தியாகும். ஆங்கிலத்தின் 'ஐடியா' கிரேக்க மொழியில் காண்டல் பொருள் தரும் வினையோடு உறவுடையது. பிளேட்டோ அதனை மனத்தால் காணப்படும் வடிவம் என்ற தத்துவக் கலைச்சொல்லாக ஆக்கினார். தமிழின் எண்ணமோ காட்சியிலிருந்து வரவில்லை. ஒன்றையடுத்து ஒன்றாக நிறுத்தி அளந்தறியும் செயலிலிருந்து வந்தது.

தொல்காப்பிய இடையியல் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் எண்ணும் ஒன்று. பொருள்களை அடுக்கிச் சொல்ல வரும் அவ்வும்மையை இலக்கண நூலார் எண்ணும்மை என்பர். திருக்குறளில் கணக்கு, சிந்தனை என்னும் இரு பொருளும் அருகருகே வாழ்கின்றன. கல்வி அதிகாரத்தில் எண் என்பது எழுத்தோடு இணைத்துச் சொல்லப்படும் கணிதத்தைச் சுட்ட, தெரிந்து செயல்வகை அதிகாரத்தில் அதே அடி, செயலில் இறங்குமுன் வரவையும் இழப்பையும் ஆராய்ந்து பார்த்தலைச் சுட்டுகிறது. இவ்வாராய்ச்சியும் ஒருவகைக் கணக்கே ஆதலின், பொருள் மாறியது என்பதைவிட விரிந்தது என்பதே பொருத்தமாகும்.

உறவு மொழிகளும் இதற்குச் சான்றாகின்றன. கன்னடத்தில் எணிசு, தெலுங்கில் எஞ்சு என்னும் வினைகள் கணக்கிடுதல், கருதுதல் என்ற இரண்டையும் தருகின்றன. மலையாளத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. தமிழில் அதே சொல் நினைவு. பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றை ஒரே பதிவின்கீழ் வைக்கிறது. லத்தீனிலும் கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒரே வினை உணர்த்துகிறது; கம்ப்யூட்டர் என்ற சொல் அவ்வழி வந்ததே.

குஜிலியம்பாறை உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளியின் பேச்சில், தமிழகத்தின் பிற பகுதிகளிற் போலவே, இவ்விரு பொருளும் பிரிந்துவிட்டன. பணத்தையும் ஆடுகளையும் எண்ணுவார்கள்; மனத்தின் செயலுக்கு 'நெனச்சேன்' என்றோ, 'யோசிச்சேன்' என்றோதான் சொல்வார்கள். வினை இவ்வாறு கணக்கோடு ஒதுங்கினாலும் பெயர் ஒதுங்கவில்லை: 'அவனுக்கு எண்ணம் சரியில்லை' என்னும்போது எண்ணம் உள்நோக்கத்தையே குறிக்கிறது.