டிரக் கேம்பருடன் டிரெய்லர் இழுத்தல்

வட அமெரிக்காவில், பிக்கப் டிரக்கின் சரக்குத் தளத்தில் தங்கும் அறையான கேம்பரை ஏற்றி, பின்னால் படகு அல்லது கார் டிரெய்லரை இழுத்துச் செல்லும் முறை. கேம்பர் பம்பரைத் தாண்டி நீண்டிருந்தால் டிரெய்லரை மாட்டும் கொக்கிக்கு நீட்டிப்புக் குழாய் தேவைப்படும். குழாய் நீள நீள கொக்கியின் தாங்குதிறன் குறையும். இதைக் கவனியாமல் விடுவது பெரும் ஆபத்து. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும்; குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். அந்தச் சுமையும் கேம்பரின் எடையும் சேர்ந்து பின்அச்சை அழுத்துவதால், தண்ணீர், சாமான்கள், ஆட்கள் எல்லாவற்றுடனும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். அலைச்சல் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு உச்சவேகம் மணிக்கு 55 மைல் (சுமார் 88 கி.மீ.).