கங்கு வாங்கிய காலமும் மண்ணெண்ணெய் ஊத்திய காலமும்

எங்க ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு கரி எடுக்கிறது பல குடும்பத்துக்குப் பொழப்பு. வித்தது போக உதிரிக் கரி வீட்டு அடுப்புக்கு வந்துரும். கரி பத்திக்கிட்டா நின்னு எரியும், ஆனா லேசுல பத்தாது. அதைப் பத்த வைக்க நம்ம சனங்க பட்ட பாடே ஒரு சரித்திரம்.

எங்க அப்பத்தா காலத்துல நெருப்பை அணைய விடமாட்டாங்க. ராத்திரி கங்கைச் சாம்பலுக்குள்ள புதைச்சு, மேல எருவாட்டித் துண்டை வச்சா விடியிற வரைக்கும் கனியும். அணைஞ்சா பக்கத்து வீட்டுல சிரட்டையில கங்கு வாங்கிட்டு வரணும். கீழ கங்கு, மேல பன்னாடை, அதுக்கு மேல கரி. அப்புறம் ஊதாங்குழல். புகையில அப்பத்தா கண்ணு எப்பவும் சிவந்தே கிடக்கும்.

ஒரு காலத்துல தீப்பெட்டி சுவீடன், ஜப்பான்ல இருந்து வந்துச்சு. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்த பிறகு, நம்ம பக்கத்துலயே தீப்பெட்டி உண்டாச்சு. ஆனா ஒரு குச்சிக்குக் கரி மசியுமா? அதனால ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்படிக்குள்ள வந்துச்சு.

அங்கதான் வினை. கரி அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு சித்தி கேனோட ஊத்துனாங்க. உள்ள கங்கு இருந்திருக்கு. சூட்டுல எண்ணெய் ஆவியாகி குப்புனு பிடிச்சிருச்சு. உசுரு தப்பிச்சது. வலது கை விரல் மூணு இன்னைக்கும் மடங்காது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு அவங்களை அவசரப்படுத்துனது நான்தான்.

இப்ப நாங்க மண்ணெண்ணெய் தொடுறதில்லை. அஞ்சு லிட்டர் சமையல் எண்ணெய் டின்னுல மேலயும் கீழயும் தகட்டை வெட்டி எடுத்துட்டு, அடி ஓரமா சுத்தி ஓட்டை போட்டிருக்கோம். பெயிண்ட் டின்னு வேண்டாம். புது டின்னை முதல்ல வெளியில வச்சு ஒரு தரம் வெறுமனே எரிச்சு எடுத்துரணும். அடுப்புல பன்னாடையோ பழைய பேப்பரோ வச்சு, அதுமேல டின்னை நிறுத்தி, கரியைப் போட்டு, அடி ஓட்டை வழியா பத்த வைக்கணும். சூட்டுக் காத்து மேல போக, கீழ இருந்து புதுக் காத்து தானா ஏறும். ஊத வேண்டாம். கால் மணி, இருபது நிமிசத்துல கரி மேல சாம்பல் பூக்கும். இடுக்கியால டின்னைத் தூக்குனா கங்கு அடுப்புல இறங்கிரும்.

யோசிச்சா அப்பத்தா வச்ச அதே வரிசைதான், கீழ நெருப்பு, மேல கரி. ஊதுற வேலையை மட்டும் டின்னு பாக்குது.

இன்னொண்ணு. கரி புகையலைன்னு மூடுன அறைக்குள்ள வச்சிராதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும். மழையா இருந்தாலும் தாழ்வாரத்துல வச்சுப் பத்த வைங்க.

சித்தி இன்னும் அடுப்புப் பக்கம் வர்றதில்லை. டின்னு வைக்கிற அன்னைக்கு மட்டும் திண்ணையில இருந்து எட்டிப் பாப்பாங்க.