பொங்கல் வாழ்த்து அட்டையும் பள்ளிக் குழந்தைகளும்

பொங்கல் வாழ்த்து அட்டை என்பது தைப்பொங்கலை முன்னிட்டு உறவினர், நண்பர், ஆசிரியர் ஆகியோருக்கு வழங்கப்படும், படமும் வாழ்த்துரையும் கொண்ட அட்டையாகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களிடையே பெருவழக்காக இருந்தது. கடையில் வாங்கிய அட்டைகளுடன், குழந்தைகள் தாமே வரைந்தும் வெட்டியும் ஒட்டியும் செய்த அட்டைகளும் வகுப்பறைகளில் கை மாறின. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பிப்ரவரி 14 அன்று குழந்தைகள் வகுப்புத் தோழர்களுக்குக் கையால் செய்த வாலன்டைன் அட்டைகளைக் கொடுக்கும் வழக்கத்துக்கு, தமிழ்நாட்டில் மிக நெருங்கியது இதுவே. கொற்கை அமைந்துள்ள தூத்துக்குடி மாவட்டத்துக்கும் அதன் அண்டைப் பகுதிகளுக்கும் இந்த அட்டையின் வரலாற்றில் தனி இடம் உண்டு.

ஓலையிலிருந்து அட்டைக்கு

பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று தாமிரபரணிக் கரையோரம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூராக உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் இங்கு நடத்திய அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. எழுத்து இப்பகுதிக்குப் பழமையானது என்பதற்கு இவை சான்று.

பனை மரங்கள் நிறைந்த இந்நிலத்தில் செய்தி அனுப்பும் பொருளாக இருந்தது ஓலை. கடிதத்துக்கே 'ஓலை' என்ற பெயர் நிலைத்தது. திருமண அழைப்பு அச்சிட்ட தாளாக மாறிய பின்னும் 'கல்யாண ஓலை' என்ற சொல் முதியோர் பேச்சில் நீடித்தது.

அச்சுக்கலையும் இக்கடற்கரைக்கு முன்னதாகவே அறிமுகமானது. கொற்கைக்கு அருகிலுள்ள புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றிய அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஆயினும் வாழ்த்து அட்டை பொதுமக்களிடம் பரவ அச்சு மட்டும் போதவில்லை, மலிவான அஞ்சலும் வேண்டியிருந்தது. இந்தியாவில் 1854இல் தொலைவைப் பொருட்படுத்தாத ஒரே சீரான அஞ்சல் கட்டணமும், 1879இல் கால் அணா அஞ்சலட்டையும் வந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை இலங்கைக்கான அஞ்சல் தூத்துக்குடி வழியாகவே கப்பலேறியது.

மேலை நாட்டு முன்னோடிகள்

இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தபின் வாலன்டைன் அட்டைகள் பெருமளவில் அஞ்சலில் சென்றன. முதல் கிறிஸ்துமஸ் அட்டையை 1843இல் ஹென்றி கோல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர் ஹார்ஸ்லி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1840களின் பிற்பகுதியில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண்மணி, சரிகைத் தாளும் வண்ணப் படங்களும் ஒட்டிய வாலன்டைன் அட்டைகளை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கினார்.

காதலர்க்கென எழுந்த இவ்வழக்கம் பின்னாளில் பள்ளிகளில் நட்பின் அடையாளமாக மாறியது. தமிழ்நாட்டிலோ பிப்ரவரி 14 இன்றும் 'காதலர் தினம்' என்றே அறியப்படுவதால், பள்ளிகள் அதைக் கொண்டாடுவதில்லை. நண்பனுக்கு அட்டை கொடுக்கும் குழந்தையின் ஆசைக்கு இங்கு இடம் தந்தவை பொங்கலும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் ஆகும்.

சிவகாசியும் கோவில்பட்டியும்

பொங்கல் அட்டைகளில் பெரும்பகுதி சிவகாசி அச்சகங்களில் உருவானவை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டதால் அங்கு அச்சுத்தொழில் வளர்ந்தது. நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அதே இயந்திரங்களில் அச்சாயின. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976), தம் சீடர்களுடன் நாட்காட்டிகளுக்கு வரைந்த தெய்வப் படங்கள் தமிழர் இல்லங்களில் பரவலாக இடம்பெற்றன. அட்டைகளின் வண்ணத்திலும் அமைப்பிலும் இந்த நாட்காட்டி மரபின் சாயல் தெரியும்.

உதிக்கும் சூரியன், பொங்கும் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, கொம்பில் வண்ணம் தீட்டிய காளை, ஏர் பிடிக்கும் உழவர் ஆகியவை வழக்கமான படங்கள். இவற்றோடு தெய்வங்கள், குழந்தைகள், பூக்கள், திரைப்பட நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள் படங்களும் விற்றன. மார்கழி பிறந்ததும் பெட்டிக்கடைகளிலும் தெருவோரக் கடைகளிலும் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவர். அட்டையை உறையிலிட்டு, உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என எழுதி அனுப்பினால் அஞ்சல் செலவு குறையும் என்பது அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி.

வகுப்பறையில் அட்டை செய்தல்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கும் பொங்கல் விடுமுறைக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் இருக்கும். இதுவே அட்டை செய்யும் காலம். வாங்கக் காசில்லாத பிள்ளைகள் தாமே செய்தனர். ஓவிய வகுப்பிலும் கைத்தொழில் வகுப்பிலும் ஆசிரியர்கள் செய்வித்ததும் உண்டு.

செலவில்லாப் பொருள்களே பெரும்பாலும் பயன்பட்டன. பழைய நாட்காட்டியின் பின்புறம், திருமண அழைப்பிதழின் எழுதப்படாத பக்கம், நோட்டுப் புத்தக மேலட்டை ஆகியவை அட்டையாயின. மைதா மாவுப் பசையோ சோற்றுப் பருக்கையோ ஒட்டுவதற்கு உதவின. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு அழுத்தினால் பூ வடிவம் கிடைக்கும். உருளைக்கிழங்கில் செதுக்கிய அச்சு, இலையில் வண்ணம் பூசி எடுக்கும் பதிவு, மையில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுக்கும் நூலோவியம் ஆகியவை பிற முறைகள். ஓரங்களில் ஜிகினாத் தூள் தூவப்படும். கடற்கரையில் பொறுக்கும் சிறு சிப்பிகளும், கீறிய பனை ஓலைத் துண்டுகளும் தூத்துக்குடிப் பகுதியில் எளிதில் கிடைக்கும் பொருள்கள். மணப்பாட்டில் பனை ஓலைப் பொருள்கள் முடைவது இன்றும் கைத்தொழிலாக உள்ளது.

இதில் கல்விப் பயனும் அடங்கியிருந்தது. நான்காக மடிப்பது அளவையையும், கரும்பை இருபுறமும் ஒத்தவாறு வரைவது சமச்சீரையும் கற்பித்தன. உள்ளே எழுதும் இரண்டு வரிகள், பாடநூலில் வராத சொந்த வாக்கியங்கள். உறைமேல் பெயர், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் எழுதும்போது கடிதப் பயிற்சி நடைமுறைக்கு வந்தது.

யாருக்கு அட்டை?

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில், அட்டை கொண்டுவரும் குழந்தை வகுப்பிலுள்ள அனைவருக்கும் கொண்டுவர வேண்டும் என்ற விதி உண்டு. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் அத்தகைய விதி இருந்ததில்லை. விரும்பியவருக்கு விரும்பியவர் கொடுத்தனர். இதனால் சிலரது புத்தகப் பையில் பத்து அட்டைகள் சேர, சிலருக்கு ஒன்றும் வராமல் போவது இயல்பு. வகுப்பில் யார் ஒதுங்கியிருக்கிறார், யாரைப் பிறர் ஒதுக்குகின்றனர் என்பதை இந்த எண்ணிக்கை வெளிப்படையாகக் காட்டிவிடும். சாதியும் வசதியும் பெஞ்சுகளைப் பிரிக்கும் இடத்தில் இது சிறிய செய்தி அன்று.

கிறிஸ்தவப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வழங்கும் 'கிறிஸ்துமஸ் நண்பர்' முறை இதற்கு ஒரு தீர்வைக் காட்டுகிறது. எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுப்பர். எடுத்த பெயருக்குரியவருக்கு மறைவாகச் சிறு அன்பளிப்புகளைத் தந்து, இறுதியில் தம்மை வெளிப்படுத்துவர். யாரும் விடுபடுவதில்லை. பழகாத ஒருவரைப் பற்றி நினைத்துப் பார்க்கவும் அது செய்கிறது. பொங்கல் அட்டைக்கும் இம்முறை பொருந்தும்.

பொங்கல் அறுவடைத் திருநாள் என்பதால் சமய வேறுபாடின்றிப் பரிமாறத் தக்கது. திருச்செந்தூர் முருகன் கோயிலும், தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயமும், காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களும் அமைந்த இக்கடற்கரையில், எல்லாப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கொடுக்கக்கூடிய வாழ்த்தாக அது அமைந்தது.

பசை ஒட்டிய பிற கைகள்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழிலில் ஏராளமான குழந்தைகள் வேலை செய்த காலமும் இதுவே. பள்ளியில் ஒரு குழந்தை தோழிக்காக அட்டை ஒட்டிய அதே மாதத்தில், அதே வயதுக் குழந்தை கூலிக்காகப் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவது, கலைத்துறை போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. பொங்கல் அட்டையின் வரலாற்றை இனிய நினைவாக மட்டும் எழுதினால், வகுப்பறைக்கு வர இயலாத இப்பிள்ளைகள் விடுபட்டுவிடுவர்.

இன்றைய நிலை

1990களில் தொலைபேசிச் சாவடிகள் பெருகின. 2000களில் கைப்பேசிக் குறுஞ்செய்தியும், பின்னர் வாட்ஸ்அப்பும் வாழ்த்து அட்டையின் இடத்தைப் பிடித்தன. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் நிறுத்தப்பட்டது. பொங்கல் அட்டை தொங்கும் கடைகள் இன்று அரிது.

ஆயினும் கையால் செய்யும் அட்டைக்குத் தேவை தீரவில்லை. ஒரே படத்தை நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்ப முடியும். ஆனால் ஒருவர் பெயரை எழுதி, அவருக்குப் பிடித்த வண்ணத்தைத் தேர்ந்து செய்யும் அட்டை அவர் ஒருவருக்கே உரியது. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பாடவேளை, பழைய நாட்காட்டிகள், ஒரு கிண்ணம் பசை, வகுப்பிலுள்ள அனைவர் பெயரும் எழுதிய சீட்டுகள் ஆகியவை இருந்தால் எந்தப் பள்ளியும் இவ்வழக்கத்தை மீண்டும் தொடங்கலாம்.