படிப்புக்காக இரண்டாவது கடல்

கோர்வைப் புடவை நெய்யும் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்பதால் நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பித் தள்ள ஒரு துணை ஆள் இல்லாமல் முடியாது. காஞ்சிபுரம், ஆரணி பக்கத்துப் பட்டுத்தறிகளில் அந்த இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளைதான். பள்ளிக்கூடமா, கரை போடுவதா என்ற கேள்வியில் சில தலைமுறைகளே கழிந்தன.

கமண்டல நாக நதிக் கரையில் இருக்கும் ஆரணியில் இன்று தறியை விட்டுப் பிள்ளை வெளியே போகட்டும் என்று நினைக்கும் வீடுகளே அதிகம். போகும் ஊர் சென்னை, பெங்களூரு என்பதோடு நிற்கவில்லை. ஜெர்மனிப் பேச்சும் எழுகிறது. படிப்புக் கட்டணம் இல்லை, இங்கிலீஷிலேயே படிக்கலாம் என்று காதில் விழுகிறது. ஆரணியின் சௌராஷ்டிரக் குடும்பங்களில் வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். அதற்கு மேலும் ஒரு மொழி வேண்டியிருக்குமா என்பது அங்கே வெறும் பேச்சல்ல, செலவுக் கணக்கு.

ஐரோப்பாவில் பிள்ளையை எந்த மொழியில் படிக்க வைப்பது என்பதில் தமிழர்களுக்கு நாற்பதாண்டு அனுபவம் உண்டு. அதைப் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். அவர்களில் பலர் ஒருமுறை கடல் தாண்டியதோடு நிற்கவில்லை. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் பிரான்சிலும் வேரூன்றிய பிறகு, வளர்ந்த பிள்ளைகளோடு ஆங்கிலத்தைத் தேடி இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இந்த ஆங்கிலத் தேடலின் வேர் மிஷனரி காலத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் திறந்தது. நீர்வளம் குறைந்த அந்த மண்ணில் நிலத்தைவிட ஆங்கிலப் படிப்பே உறுதியான சொத்தாயிற்று. அந்தச் செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். கொழும்பிலும் மலாயாவிலும் குமாஸ்தா வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் யாழ்ப்பாணத்தார் போனது அந்த ஆங்கிலத்தை நம்பித்தான். வசதி படைத்தவர்கள் இன்னும் தூரம் போனார்கள். பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜில் படித்து, 1875-இல் போட்டித் தேர்வு வழியாக இலங்கை சிவில் சர்வீசில் நுழைந்தார்.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1970-71 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகத்தில் 'தரப்படுத்தல்'. பேராதனையில் பொறியியல் படிக்கச் சிங்கள மாணவருக்கு 227 மதிப்பெண் போதும். தமிழ் மாணவருக்கு 250 வேண்டும். எழுதிய மொழியே இடத்தைத் தீர்மானித்தது. பின்னாளில் ஐரோப்பிய உணவகச் சமையலறைகளில் தட்டுக் கழுவியவர்களில் பலர் இப்படிப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்கள். இதை மறந்துவிட்டால் பிள்ளை படிப்பில் அவர்கள் காட்டிய வெறி புரியாது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு ஊரே கிளம்பியது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இங்கிலாந்துதான் இயல்பான இடம். ஆனால் 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் மீது அது அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. திறந்திருந்த வழி கிழக்கு பெர்லின். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். அந்த எல்லையை எல்லையாகவே மேற்கு ஏற்காததால் அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட் சோதனை இல்லை. 1986 அக்டோபரில் அந்த வழியும் அடைபட்டது. நார்வேக்குச் சிலர் மாணவர் விசாவில் போனார்கள். எந்த நாட்டில் வாழ்வது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கதவு திறந்ததோ அந்த நாட்டின் மொழி பிள்ளைகளின் மொழியாயிற்று.

ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பிரிக்கப்படுகிறார்கள். அன்று ஜிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம். ரியால்ஷூல, ஹவ்ப்ட்ஷூல போனால் பெரும்பாலும் தொழிற்பயிற்சி. பத்து வயதில் இவ்வளவு பெரிய முடிவு. அதைப் பற்றிப் பள்ளி அனுப்பிய கடிதத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அப்பாவாலும் அம்மாவாலும் படிக்க முடியவில்லை. பிள்ளையே மொழிபெயர்த்துச் சொன்னது. சொந்த ஊரில் கல்வியால் மதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது சிறிய அடி இல்லை.

பிறகு குடியுரிமை கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் 1985-இல் மூடிய பிரிட்டன் விசா இல்லாமலே திறந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து லண்டனின் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ பக்கம் டச்சும் ஜெர்மனும் பிரெஞ்சும் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இந்த இரண்டாம் பெயர்ச்சியை ஆய்வாளர்கள் ஆனா லிண்ட்லியும் நிக்கொலஸ் வான் ஹியரும் 2007-இல் ஆராய்ந்து எழுதினார்கள். உறவினர், கோயில், கடை வைக்கும் வசதி என்று காரணங்கள் பல இருந்தன. ஆங்கிலக் கல்வி அவற்றில் முக்கியமானது.

பணக் கணக்கும் இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணம் 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு, 2006-இல் 3,000 வரை, 2012-இல் 9,000 வரை. அன்று ஒன்றியத்துக் குடிமக்களுக்கும் உள்ளூர்க் கட்டணமே. 2006 முதல் அதற்குக் கடனும் கிடைத்தது. ஆரணியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரே போகும் மாணவர் கட்ட வேண்டிய தொகை இதைவிட அதிகம்.

பெற்றோர் பதினைந்து ஆண்டு உழைத்துப் பெற்ற நிரந்தர வேலையை விட்டார்கள். அந்தத் துணிவை எளிதாக எடைபோட முடியாது. ஆனால் விலையில் பெரும் பங்கைக் கொடுத்தது பிள்ளைதான் என்றே படுகிறது. கிண்டர்கார்டன் முதல் ஜெர்மனில் சிந்தித்த பதினேழு வயதுப் பெண் பள்ளி இறுதிக்கான ஏ லெவல் பாடத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அப்பாவுக்கு ஆங்கிலம் திரும்பக் கிடைத்த சொத்து. அவளுக்கோ புதிதாகப் பழக வேண்டிய பாடமொழி.

பெயராமல் இருந்தவர்களும் தோற்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே போன கம்ஷாஜினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021-இல் நாடாளுமன்றம் சென்றார். அவர் வளர்ந்ததும் படித்ததும் அந்த மண்ணின் மொழியில்தான்.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிரிட்டனுக்குள் தடையற்ற நடமாட்டம் முடிந்தது. 2021 இலையுதிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒன்றிய மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணச் சலுகையும் பொதுவாக இல்லாமற் போனது.

இப்போது ஆங்கில வகுப்புகள் ஐரோப்பாவின் பெருநிலத்துக்கே வந்துவிட்டன. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான தொகையை (2025 நிலவரப்படி 11,904 யூரோ) முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். கூலிக்கு நெய்யும் குடும்பம் அதைத் திரட்டுவது கடன் வாங்கித்தான். ஆங்கில வழிப் படிப்புகளும் பெரும்பாலும் முதுநிலையில்தான். பிளஸ் டூ மட்டும் முடித்தவர் பொதுவாக முதலில் ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பை முடிக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பி.ஈ. முடித்து ஆங்கில முதுநிலையில் சேர்ந்தவருக்கும் வகுப்பில் மட்டுமே ஆங்கிலம். வீட்டு வாடகை ஒப்பந்தமும், விசாவை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதமும் ஜெர்மனில் வருகின்றன. அன்று கடிதத்தைப் பள்ளிப் பிள்ளை படித்துச் சொன்னது. ஆரணியிலிருந்து தனியாகப் போகும் மாணவருக்குப் படித்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.