உவர்ப்பளவை (இல்லக் கடல்நீர்த் தொட்டி)

இல்லத்துக் கண்ணாடித் தொட்டியிலே கடல்மீன்களையும் பவளவுயிர்களையும் பேணுவோர், அந்நீரில் கரைந்துள்ள உப்புக்களின் பிரமாணத்தை அறியும் முறை உவர்ப்பளவை எனப்படும். திறந்த சமுத்திரத்தில் ஒரு கிலோகிராம் நீருக்குச் சராசரி 35 கிராம் உப்புக்கள் உள்ளன. தொட்டியிலும் அவ்வளவே இருத்தல் வேண்டும். பவளங்களும் நட்சத்திர மீன்களும் தம் உடல்நீரின் உவர்ப்பைச் சுற்றுநீரினின்று வேறாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் அற்றவை. தொட்டியினின்று ஆவியாவதோ நீர் மட்டுமே, உப்பு முழுவதும் பின்தங்கிவிடும். ஆதலால் அளவையைக் கைவிட்ட தொட்டியில், நாளுக்கு நாள் மிகும் உவர்ப்பை அவ்வுயிர்கள் சகித்தே ஆகவேண்டும்.

நீரை வற்றக் காய்ச்சி எஞ்சும் உப்பை நிறுப்பதே நேர்வழியென்று தோன்றினும், அவ்வழி மெய்யளவைத் தருவதன்று. 17ஆம் நூற்றாண்டில் கடலின் உவர்ப்பை ஆராய்ந்த இராபர்ட் பாயில், அதனினும் நீரின் அடர்த்தியை நோக்குவதே நம்பத்தக்கது என்று கண்டார். காரணம் பின்னர் விளங்கிற்று: கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை எளிதில் விடுவதில்லை, அதனை ஓட்டும்பொருட்டு மேலும் சூடேற்றினாலோ, உப்பின் ஒரு பகுதியே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரிந்து போய்விடுகிறது. இவ்விடர்ப்பாட்டினின்று விஞ்ஞானிகளை மீட்டது ஓர் அழகிய உண்மை. உப்பின் மொத்தம் கடலுக்குக் கடல் கூடினும் குறையினும், குளோரைடு, சோடியம், மக்னீசியம் முதலிய பிரதான அம்சங்களின் பரஸ்பர விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இதனை 1819இல் அலெக்சாண்டர் மார்செட் கூறினார். 1865இல் டென்மார்க்கின் ஃபோர்க்காமர் வலியுறுத்தினார். ‘சாலஞ்சர்’ கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொணர்ந்த நீரில் 77 மாதிரிகளைப் பகுத்தாராய்ந்த வில்லியம் டிட்மார், 1884இல் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார். ஓர் அம்சத்தை அளந்தால் மொத்தத்தைக் கணக்கிடலாம் என்றாயிற்று. வெள்ளி நைட்ரேட்டைத் துளித்துளியாய்ச் சேர்த்துக் குளோரைடை அளந்து, அதினின்று உவர்ப்பைக் காணும் அட்டவணைகளை மார்ட்டின் க்னுட்சென் 1901இல் வெளியிட்டார். அளவு தெரிந்த கடல்நீர் கோபன்ஹேகனில் கண்ணாடிக் குழல்களில் அடைக்கப்பட்டுப் பல தேசத்து ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பப்பட்டது. அவை தத்தம் அளவையை இந்நீரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டன. கருவி எதுவாயினும் அளவு தெரிந்த நீரோடு ஒப்பிட்ட பின்னரே நம்பத்தக்கது என்னும் இவ்விதியே இல்லத் தொட்டிக்கும் உயிர்நாடியாகும்.

கருவிகளுள் எளியது மிதக்கும் திரவமானி. 35 உவர்ப்புடைய கடல்நீரின் ஒப்படர்த்தி, 25 பாகை செல்சியஸில் அதே வெப்பநிலை நன்னீரை நோக்க, 1.0264 ஆகும். ஆயின் 15.6 பாகைக்கென அமைந்த கருவியை அந்நீரில் மிதக்கவிட்டால் ஏறத்தாழ 1.024 என்றே காட்டும்; வெப்பநிலையை நோக்காதவர் குறையென்று எண்ணி வீணே உப்பைச் சேர்ப்பர். ஊசலாடும் முள்ளுடைய பிளாஸ்டிக் வகையில், முள்ளில் ஒட்டும் காற்றுக்குமிழ் அளவை உயர்த்தும். உலர்ந்து படிந்த உப்புப் பொருக்கு தாழ்த்தும். அவ்வகையை விலக்குதலே நலம்.

இவற்றினும் மேலானது ஒளிவிலகல்மானி. சில துளி நீரை அதன் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நீலமும் வெண்மையும் சந்திக்கும் கோடே அளவைக் காட்டிவிடும். ஆனால் விற்பனைக்கு வருவனவற்றுள் பல, கடல்நீருக்கன்றிச் சாதாரண உப்புக்கரைசலுக்கென அமைந்தவை. 35 உவர்ப்புடைய கடல்நீரை அவை சுமார் 36.5 என்று காட்டும். அதை மெய்யென நம்பி நன்னீர் சேர்ப்பவரின் தொட்டி உண்மையில் 33.6க்கு இறங்கிவிடுகிறது. வாலைநீரைக் கொண்டு பூச்சியத்தில் நிறுத்துவது இப்பிழையைப் போக்காது. அது அளவுகோலின் ஒரு முனையை மாத்திரமே திருத்தும். தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் வாலைநீரில் கரைத்தால், அக்கரைசல் 35 உவர்ப்புடைய கடல்நீரைப் போன்றே ஒளியை விலக்கும். அதனைக் கொண்டு கருவியின் கோட்டை 35இல் நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

உவர்ப்பை மின்கடத்துதிறனால் வரையறுக்கும் சர்வதேச அளவுகோல் 1978இல் வகுக்கப்பட்டது. கையடக்க மின்கடத்துமானிகளும் இப்போது விற்பனையில் உள்ளன. 35 உவர்ப்புடைய நீர் 25 பாகையில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமன்ஸ் காட்டும். மேற்கூறிய உப்புக்கரைசல் இக்கருவிக்குப் பொருந்தாது. 53 மில்லிசீமன்ஸ் என்று குறித்த கரைசலையே இதற்கு வாங்கவேண்டும்.